கராஜ்: காடி நிற்கிற இடமா, பழுது பார்க்கிற இடமா?

இலங்கைத் தமிழர் ஒருவர் "காரைக் கராஜில விட்டிருக்கிறன்" என்றால், வண்டி பழுது, மெக்கானிக்கிடம் இருக்கிறது என்று அர்த்தம். அதையே கிள்ளானில் ஒருவர் சொன்னால், வண்டி பத்திரமாக நிழலில் நிற்கிறது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நமக்குப் பழுது பார்க்கிற இடம் 'வர்க்‌ஷாப்' அல்லது 'பெங்கெல்'. வேலை செய்பவர் 'போமென்'. அது ஆங்கில 'ஃபோர்மேன்'தான், நம்ம ஊர் வாயில் இப்படி ஆகிவிட்டது.

இத்தனைக்கும் சொல் ஒன்றுதான். அதன் மூலம் பிரெஞ்சு. 'கரே' என்ற வினைச்சொல்லுக்கு, ஆபத்தில்லாத இடத்தில் ஒதுக்கி நிறுத்துவது என்று பொருள். முதலில் அப்படி ஒதுங்கியவை படகுகள். ஆற்றில் படகுகள் ஒதுங்கும் இடத்துக்கு 'கார்' என்று பெயர் (நீங்கள் ஓட்டுற கார் இல்லை, இது வேற). பிறகு ரயில் வந்தது. ரயில் நிலையமும் 'கார்' ஆனது. பாரிஸ் போனவர்கள் 'கார் து நோர்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வண்டிகள் வந்ததும் 'கராஜ்' அவற்றின் பக்கம் திரும்பியது. ஆங்கிலத்துக்கு அது 1902வாக்கில்தான் வந்தது. இன்னும் ஆழமாகத் தோண்டினால் ஒரு பழைய ஜெர்மானிய வேர் கிடைக்கும். ஆங்கிலத்தின் 'வார்ன்', 'அவேர்' எல்லாம் அதே குடும்பம். கவனமாகப் பார்த்துக்கொள் என்பதே அடிப்படைப் பொருள்.

பிரெஞ்சில் இன்றும் ரயில் பெட்டிகளை ஒதுக்கி நிறுத்தும் பக்கத் தண்டவாளத்துக்கு 'கராஜ் பாதை' என்றுதான் பெயர். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இது சுவாரஸ்யமாக இருக்கும். 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிற்கும் நிலத்தில், அதற்கு முன் ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு இருந்தது. பிரெஞ்சுக் கணக்கில் அந்த இடமே ஒரு பெரிய கராஜ்!

சரி, 'பெங்கெல்'? அது டச்சு மொழியின் 'விங்கெல்'. நெதர்லாந்தில் இன்றும் அதற்குக் கடை என்று பொருள். மலாயில் கடைக்கு ஏற்கனவே நம்ம 'கடை'யே 'கெடாய்' ஆகப் போய் உட்கார்ந்துவிட்டது. பள்ளியில் எஸ்பிஎம் பெங்கெலுக்குப் போயிருப்பீர்கள், அங்கே யாரும் எஞ்சினைக் கழற்றுவதில்லை. ஆங்கில 'வர்க்‌ஷாப்' போலவே தமிழ்ப் 'பட்டறை'யும் இப்படித்தான். கொல்லர் இரும்படித்த இடம், இப்போது சிறுகதைப் பட்டறையும் கூட.

சொற்களின் பயணத்தில் எனக்குப் பிடித்தது 'குடோன்'. தமிழ்க் 'கிடங்கு', தெலுங்கு 'கிடங்கி' பக்கமிருந்து மலாய்க்குப் போய் 'கூடாங்' ஆனது, ஆங்கிலத்தில் 'கோடவுன்' ஆனது, அப்புறம் 'குடோன்' என்று நம்மிடமே திரும்பியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். போர்ட் கிள்ளான் பக்கம் லோரி ஓட்டுகிறவர்கள் தினமும் சொல்கிற சொல்.

கராஜுக்குத் தமிழில் என்ன எழுதுவது? 'வண்டிக் கொட்டகை' சரியான சொல்தான், ஆனால் தெரஸ் வீட்டு போர்ச்சுக்கு அது ஒட்டவில்லை. பழுது பார்க்கிற இடத்துக்குப் 'பட்டறை' தாராளமாகப் போதும். சில காடிக் காப்புறுதிப் பாரங்களில், இரவில் வண்டி எங்கே நிற்கும் என்ற கேள்விக்குப் பூட்டிய கராஜ் ஒரு பதிலாக இருக்கும். அது உங்கள் வீட்டைப் பற்றிய கேள்வி. விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்லும் 'பேனல் வர்க்‌ஷாப்' வேறு, நிறுவனம் அங்கீகரித்த பட்டறை. வண்டியை இழுத்துப் போகச் சொல்வதற்கு முன், அந்தப் பட்டியலில் எது இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.