பொழுதுபோக்காய்ப் பிறந்த லினக்ஸ்

மின்சாரம் கொடுத்துவிட்டால் மட்டும் கணினி வேலை செய்துவிடாது. தட்டும் எழுத்தைத் திரையில் காட்டவும், எழுதியதைச் சேமிக்கவும், பல வேலைகளுக்கு நேரத்தைப் பங்கிடவும் உள்ளே ஒரு மேற்பார்வை வேண்டும். காலைப் பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரைப் போல இதனைக் கவனிக்கும் கட்டளைத் தொகுப்பே இயங்குதளம் எனப்படுகிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளம் பிறந்த வரலாற்றை இன்று காண்போம்.

வட ஐரோப்பாவில் உள்ள குளிர்நாடு பின்லாந்து. அதன் தலைநகரான ஹெல்சிங்கியில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவருடைய தாய்வழிப் பாட்டனார் புள்ளியியல் பேராசிரியர். அப்பெரியவர் வாங்கிய சிறு கணினியில்தான் பேரன் நிரல் எழுதக் கற்றார். பல்கலைக்கழக மாணவரான பின், 1991 ஜனவரியில் தவணை முறையில் சொந்தமாக ஒரு கணினி வாங்கினார். ஆம்ஸ்டர்டாம் நகரப் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், மாணவருக்குப் பாடம் சொல்வதற்காக 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் ஏற்றினார்.

வீட்டிலிருந்தபடியே தொலைபேசிக் கம்பி வழியாகப் பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்பு கொள்ள அவர் விரும்பினார். மினிக்ஸில் அதற்கிருந்த வசதி போதவில்லை. ஆகவே தாமே ஒரு நிரல் எழுதினார். தொடர்பு கிடைத்தது, ஆனால் பெற்றதைச் சேமித்து வைக்க வேண்டுமே! அதற்கும் நிரல் எழுதினார். தேவைக்குத் தேவை சேர்ந்து, அதுவே ஓர் இயங்குதளமாக வளர்ந்தது.

1991 ஆகஸ்ட் 25ஆம் நாள், மினிக்ஸ் பயன்படுத்துவோருக்குக் கணினி வழியே இதனை அறிவித்தார். இது வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக வளரப் போவதில்லை என்றே அவர் சொன்னார். அடுத்த மாதம் சுமார் 10,000 வரிகள் கொண்ட முதல் பதிப்பை, எவரும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார். அவர் நினைத்திருந்த பெயர் ஃப்ரீக்ஸ். அதனை வைக்க இடமளித்த ஆரி லெம்கே என்பவரே லினக்ஸ் என்று பெயரிட்டார்.

ஜெர்மனியில் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட கணினி இருந்தது. லினக்ஸுக்கு அது போதவில்லை. அவருக்காக லினஸ் அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் உழைத்து, வட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் வழியைச் சேர்த்தார். ஏழைக் கணினிக்காகச் செய்த அந்த வேலை எல்லாருக்கும் பயன்பட்டது. பயன்படுத்தியவர்களும் சும்மா இருக்கவில்லை. பிழைகளைத் திருத்தி அனுப்பினார்கள். பின்னர் பணம் திரட்டி அவருடைய தவணைக் கடனையும் அடைத்தார்கள்!

இது எப்படி முடிந்தது? விலைக்கு விற்கும் பல நிரல்கள் தோட்டத்து லயன் வீட்டைப் போன்றவை. குடியிருக்கலாம், சுவரை இடித்துப் புதிய ஜன்னல் வைக்க முடியாது. லினக்ஸோ வீட்டின் வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தது.

இதற்கு வழிகாட்டியவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். எவரும் படிக்கவும் மாற்றவும் கூடிய நிரல்களை உருவாக்கப் போவதாக 1983இல் அறிவித்தவர் அவர். லினஸ் அவருடைய கருவிகளைப் பயன்படுத்தினார். 1992இல் அவர் வகுத்த உரிமத்தையும் ஏற்றார். அதன்படி லினக்ஸை மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது மாற்றிய மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். பொதுக் கிணற்றுக்கு எவரும் வேலி போடாதபடி காத்தது இந்த நிபந்தனையே.

1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வந்தபோது, வரிகள் 1,76,000ஐத் தாண்டின. 2017 நவம்பரில் உலகின் மிக விரைவான 500 கணினிகளும் லினக்ஸிலேயே இயங்கின. நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே. திரையில் தோன்றும் சொற்களைத் தன்னார்வலர்கள் தமிழிலும் ஆக்கியுள்ளனர்.

நேயர்களே, பிறர் கழித்த பழைய கணினி ஒன்று வீட்டுக்கு வந்தால் அதனை ஒதுக்கிவிட வேண்டாம். எளிய லினக்ஸ் வகைகளை விலையின்றிப் பெறலாம். வேண்டாததை நீக்கி, வேண்டியதைச் சேர்த்து, சிறு நிரல் எழுதிப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்போம். திறந்து பார்க்க உரிமையுள்ள பொருளில்தான் கற்பதற்கும் இடமுண்டு.