தொலைந்துபோன ஒரு பந்தி

சட்டம் தெரியாது என்பது சாட்டாகாது என்று நாம் படித்திருக்கிறோம். அந்தச் சட்டத்தை அரசாங்கமே தொலைத்துவிட்டால்?

1930களில் அமெரிக்காவின் சமஷ்டி அரசு பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க ஒழுங்குவிதிகளை அடுக்கடுக்காகப் போட்டது. அவற்றை ஒரே இடத்தில் வெளியிட நமது வர்த்தமானி போன்ற ஏடு அங்கே இருக்கவில்லை. டெக்சாஸ் எண்ணெய் வழக்கு உயர் நீதிமன்றம் வந்தபோது குட்டு வெளிப்பட்டது: வழக்குக்கு அடிப்படையான பந்தியே 1933 திருத்தமொன்றில் தவறுதலாக விடுபட்டிருந்தது. ஒரு வருடமாக ஆட்கள் மீது வழக்கு மட்டும் நடந்தது.

1935இல் சமஷ்டிப் பதிவேட்டுச் சட்டம் வந்தது. 1936 மார்ச் 14இல் முதல் இதழ், 16 பக்கங்கள். 1946இல் இன்னொரு சட்டம், விதி போடுமுன் அறிவித்தல் கொடுத்து மக்கள் கருத்தைக் கேட்கச் சொன்னது.

அறிவித்தல் கிடைத்தது, விளங்கவில்லை. 2010இல் எளிய எழுத்துச் சட்டம் வந்தது. கடிதம், படிவம், அறிவித்தல் எல்லாம் மக்களுக்கு விளங்க வேண்டும் என்றது. ஆனால் ஒழுங்குவிதிகளுக்கு அதில் விலக்கு. மீறினால் நீதிமன்றம் போகவும் வழியில்லை.

அச்சிடுவது அரசின் வேலை. விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லிக் கொடுப்பது அங்கும் இங்கும் நம் வேலையாகவே இருக்கிறது.