நடுகல்லும் ஒளிப்படமும்

போரிற் கலந்துகொண்ட எளிய வீரரின் பழைய ஒளிப்படங்களை அவர்க்கு உறவல்லாதாரும் தேடித் தொகுப்பது ஏன்? பழம்பொருள் வேட்கை என்பது போதிய விடையாகாது.

மதுரைக்கு மேற்கே, வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்த நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாய்ந்த அந்தவன் என்பானைத் தமிழி எழுத்தாற் குறிக்கின்றது. கல்லில் உருவம் இல்லை. பெயரும் செயலும் உள.

முதல் உலகப்போரின்போது பிரான்சில் எடுக்கப்பெற்ற இந்திய வீரர் படங்களின் நிலை இதற்கு மறுதலை. முகம் தெளிவாக உளது. பலவற்றின் குறிப்பிற் படைப்பிரிவின் பெயரன்றி ஆளின் பெயர் இல்லை. அந்நாட்டு நவ்சாபெலில் 1927இல் திறக்கப்பெற்ற நினைவகமோ, கல்லறை அறியப்படாத 4,700க்கு மேற்பட்ட இந்திய வீரரின் பெயர்களைத் தாங்கியுள்ளது. பெயர் ஓரிடத்தும் முகம் பிறிதோரிடத்துமாக நிற்க, அவ்விரண்டையும் ஒன்றுசேர்க்கும் விழைவே தொகுப்பாரை இயக்குகின்றது எனக் கருதுகின்றோம்.

தொல்காப்பியம் கூறும் நடுகல் துறைகள் ஆறனுள் காட்சி, அஃதாவது கல்லைத் தேடிக் காண்டல், முதலாவதே. படம் தேடுதலும் அத்தகையது. அதனோடு அமைதல் சாலாது. மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில், இரண்டாம் உலகப்போருக்குச் சென்றோரை அடையாளங் காட்டவல்ல முதியோர் அருகி வருகின்றனர். அவர் உள்ளபோதே படத்தின் பின்புறத்துப் பெயரும் ஊரும் எழுதப்பெறுதல் வேண்டும். பெயர் இழந்த படம் நடப்பெறாத கல்லே.