யானைச் சந்திப்பு: பனிச்சாலையில் பிழைத்த பழைய மோட்டார் சைக்கிள்

ஜெர்மனியின் பவேரியக் காட்டுப் பகுதியில் ஆண்டுதோறும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடுகிறார்கள். இக்கூடுகைக்கு ஜெர்மன் மொழியில் ‘எலஃபான்டன்ட்ரெஃபன்’ என்று பெயர். தமிழில் ‘யானைச் சந்திப்பு’ எனலாம். பெயரில் மட்டுமே யானை உண்டு. 1950களில் ஓடிய ஒரு கனத்த மோட்டார் சைக்கிளின் பட்டப்பெயர் அது.

கடுங்குளிர் காலத்தில், பனி படர்ந்த சாலையில், பல நூறு கிலோமீட்டர் தொலைவு இரு சக்கர வண்டியில் வந்து, கூடாரம் அடித்துத் தங்கிவிட்டுத் திரும்புவதே இக்கூடுகையின் நடைமுறை. இதைச் சிலருடைய வீம்பு விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு பொருளை அதை உருவாக்கிய தொழிற்சாலை கைவிட்ட பிறகு யார் காப்பாற்றுகிறார்கள், எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்ற கேள்விக்கு இதன் வரலாற்றில் விடை இருக்கிறது. அந்தக் கேள்வி நம் ஊருக்கும் உரியது.

பச்சை யானை

சுண்டாப் நிறுவனம் 1917ஆம் ஆண்டு நியூரம்பெர்க் நகரில் தொடங்கப்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் வெடிகுண்டுகளுக்கான தூண்டிகளைச் செய்வதே அதன் தொடக்கத் தொழில். போர் முடிந்ததும் அந்தச் சந்தை இல்லாமற் போகவே, 1921 முதல் மோட்டார் சைக்கிள் உற்பத்தியில் இறங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் ராணுவத்துக்காக கே.எஸ். 750 என்ற சைடுகார் வண்டியைச் செய்து கொடுத்தது. அதில் பின்சக்கரத்துடன் சைடுகாரின் சக்கரத்துக்கும் எஞ்சினின் விசை செல்லும். சேற்றிலும் பனியிலும் சிக்காமல் இழுத்துச் செல்வதற்காக அமைந்த ஏற்பாடு அது.

போருக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் வந்த வண்டிதான் கே.எஸ். 601. எஞ்சின் 597 சி.சி. கொள்ளளவு உடையது. இரண்டு சிலிண்டர்கள் இடமும் வலமுமாக, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் படுத்திருக்கும். திறன் 28 குதிரைத்திறன். பின்சக்கரத்தைச் சுழற்றுவது செயின் அல்ல, ஷாஃப்ட். கியர் பெட்டிக்குள் மட்டும் பற்சக்கரங்களோடு சிறு செயின்களும் வேலை செய்தன. பச்சை வண்ணமும், பருத்த உடலும், சைடுகாரில் ஆளையும் சுமையையும் ஏற்றிக்கொண்டு மலையேறும் வலிமையும் சேர்ந்து அதற்குப் ‘பச்சை யானை’ என்ற பெயரை வாங்கித் தந்தன.

ஏன் அப்போது, ஏன் குளிர்காலத்தில்?

முதல் சந்திப்பு நடந்தது 1956இல், ஸ்டுட்கார்ட் நகருக்கு அருகிலுள்ள சோலிட்யூட் பந்தயப் பாதைப் பகுதியில். ‘க்ளாக்ஸ்’ என்ற புனைபெயரில் அறியப்பட்ட எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்ற மோட்டார் சைக்கிள் பத்திரிகையாளர் அழைப்பு விடுத்தார். பச்சை யானை வைத்திருப்பவர்கள் சைடுகாரோடு குளிர்காலத்தில் வந்து சேர வேண்டும் என்பதே அழைப்பு. வந்தது சிறு கூட்டம்தான். ஒரு வகுப்பறைக்குள் உட்கார வைத்துவிடலாம்.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். போரில் நொறுங்கிய ஜெர்மனியில் கார் வாங்க வசதியில்லாத குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிளே வாகனமாக இருந்தது. வேலைக்குப் போவது அதில்தான், சைடுகாரில் பிள்ளையை உட்கார வைத்து உறவினர் வீட்டுக்குப் போவதும் அதில்தான். 1950களின் நடுவில் பொருளாதாரம் நிமிர்ந்தது. 1955 ஆகஸ்டில் ஃபோக்ஸ்வாகன் தொழிற்சாலையிலிருந்து 10 லட்சமாவது பீட்டில் கார் வெளிவந்தது. அதே ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் இசெட்டா என்ற சிறு காரை விற்கத் தொடங்கியது. மழையில் நனையாமல் போகும் வசதி கைக்கெட்டியதும் மக்கள் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பெயர்பெற்ற நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தன. ஆட்லர் நிறுவனம் 1957இல் மோட்டார் சைக்கிள் தயாரிப்பைக் கைவிட்டது. டி.கே.டபிள்யூ. 1958இல் வேறு இரு நிறுவனங்களுடன் இணைக்கப்பட்டது. சுண்டாப் நிறுவனமும் அதே காலத்தில் கே.எஸ். 601 உற்பத்தியை நிறுத்தி, மியூனிக் நகரிலிருந்து சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டும் செய்யலாயிற்று.

ஆகவே லெவர்குஸ் அழைப்பு விடுத்தபோது பச்சை யானை பழங்காலப் பொருள் ஆகியிருக்கவில்லை. ஆனால் அதன் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிக்கொண்டிருந்த நேரம் அது. ஏழையின் வாகனம், காசு வந்ததும் கழற்றிவிட வேண்டியது என்ற எண்ணம் பரவியிருந்தபோது, பனிக்காலத்திலும் இதில் போக முடியும், போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள் என்று காட்டியதுதான் அந்தச் சிறு கூட்டம் செய்த வேலை. கோடையில் கூடியிருந்தால் அது வெறும் உல்லாசப் பயணமாகவே கருதப்பட்டிருக்கும்.

இடம் மாறிய வரலாறு

விரைவிலேயே மற்ற நிறுவனங்களின் வண்டிகளும் வரத் தொடங்கின. 1958இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களின் கூட்டமைப்பு ஒன்று உருவாயிற்று. சந்திப்பைப் பின்னாளில் நடத்தி வருவதும் அந்த அமைப்பே. 1961இல் சந்திப்பு ஐஃபெல் மலைப்பகுதியிலுள்ள புகழ்பெற்ற நூர்பர்க்ரிங் பந்தயப் பாதைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகி, 1970களில் பெருந்திரளாகி, ஒழுங்கு காப்பதே பெரும்பாடாயிற்று. 1977க்குப் பின் அமைப்பாளர்கள் அவ்விடத்தை விட்டு விலகி, ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்ரிங் பாதையில் நடத்தினார்கள். 1989 முதல் பவேரியாவில், பாசாவ் நகருக்கு வடக்கே தூர்மன்ஸ்பாங் ஊராட்சிக்கு உட்பட்ட லோ என்ற பள்ளத்தாக்கில் நடக்கிறது.

லோ பள்ளத்தாக்கில் கட்டடங்களின் சொகுசு கிடையாது. தரையில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கூடாரம் அடிக்கிறார்கள், விறகு மூட்டிக் குளிர் காய்கிறார்கள். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே வெகுவாக இறங்குவது வழக்கம். சனிக்கிழமை மாலை, மறைந்த ஓட்டுநர்களின் நினைவாகத் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலம் போகிறார்கள். யானைச் சந்திப்பைப் போன்ற குளிர்காலக் கூடுகைகள் பிற நாடுகளிலும் தோன்றின. வேல்ஸ் நாட்டின் ‘டிராகன் ராலி’ 1962இல் தொடங்கியது. ஸ்பெயினின் வல்லடோலிட் நகர்ப் பகுதியில் ‘பெங்குவின்கள்’ என்ற பெயரிலான கூடுகை 1982இல் தொடங்கியது.

பயணமே நுழைவுச்சீட்டு

பழைய வண்டியில் குளிர்காலத்தில் நெடுந்தூரம் போவது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தால்தான் இக்கூடுகையின் பொருள் விளங்கும்.

முதலில் உடல். இன்றைய வானிலை ஆய்வில் பயன்படும் காற்றுக்குளிர்ச் சூத்திரத்தின்படி, வெப்பநிலை −5 டிகிரி செல்சியசாக இருக்கும்போது மணிக்கு 80 கி.மீ. வேகக் காற்று பட்டால், தோலுக்கு அது −17 டிகிரிக் குளிராகத் தெரியும். விரல்கள் மரத்துப்போனால் கிளட்சையும் பிரேக்கையும் சரியாக அழுத்த முடியாது. அதனால் அடிக்கடி நிறுத்திக் கை காய்ச்ச வேண்டும். 500 கி.மீ. தூரம் ஒரு முழுநாள் வேலையாகிவிடும்.

அடுத்தது எஞ்சின். குளிரில் எண்ணெய் கூழாக இறுகும். அப்போது கிக்கரை மிதிப்பது கல்லை மிதிப்பது போலிருக்கும். அக்கால வண்டிகளின் மின்சாரம் 6 வோல்ட் மட்டுமே. குளிரில் பேட்டரியின் திறன் மேலும் குறையும், முகப்பு விளக்கு மங்கலாக எரியும். ஈரக்காற்று கார்புரேட்டருக்குள் உறைந்து எஞ்சினைத் திணற வைக்கும். பனியில் இரு சக்கரங்கள் வழுக்கிவிடும் என்பதால்தான் சைடுகார் இங்கே மதிப்புப் பெறுகிறது. மூன்றாவது சக்கரம் வண்டியைச் சாயவிடாது. கூடாரம், போர்வை, கருவிப்பெட்டி, மாற்று டியூப் எல்லாம் அதில் அடங்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது உப்பு. சாலையில் பனிக்கட்டி உருகுவதற்காக ஜெர்மனியில் உப்புத் தூவுகிறார்கள். உப்புநீர் தெறித்த இரும்பு எப்படித் துருவேறும் என்பதைக் கடற்கரை ஊர்களில் வாழும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 70 ஆண்டுப் பழமையான, உதிரிபாகம் அரிதாகிவிட்ட ஒரு வண்டியை உப்புச்சாலையில் இறக்குவது சரிதானா? இந்தக் கேள்வி ஒவ்வொரு உரிமையாளர் முன்னும் நிற்கிறது. இன்று லோ பள்ளத்தாக்குக்கு வருபவர்களில் பச்சை யானை வைத்திருப்போர் சிறுபான்மையினரே. புதிய வண்டிகளும், போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ. வடிவமைப்பிலிருந்து கிளைத்த ரஷ்ய உரால் சைடுகார்களும் அதிகம் வருகின்றன.

ஓட்டினால் தேயும் என்பது உண்மை. ஓட்டாமல் வைத்தால் என்ன ஆகும்? ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் பிசினாகிக் குழாயை அடைக்கும், எஞ்சினுக்குள் ஈரம் தங்கிப் பிஸ்டன் இறுகிவிடும். இவற்றைக்கூட மீண்டும் சரிசெய்துவிடலாம். சரிசெய்யத் தெரிந்தவர் இல்லாமற் போவதுதான் பெரிய இழப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வண்டிக்கு வால்வு இடைவெளியைச் சரிபார்க்கத் தெரிந்த கை தேவைப்படாது. 600 கி.மீ. போய்த் திரும்ப வேண்டிய வண்டிக்குத் தேவைப்படும். அந்தத் தேவை இருக்கும்வரை பழைய உதிரிபாகத்தைத் தேடுவோரும், அதை மீண்டும் செய்து தருவோரும், வேலை கற்றுக்கொள்ளும் இளையோரும் இருப்பார்கள். சுண்டாப் நிறுவனம் 1984இல் திவாலாகி மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் சீனாவுக்கு விற்கப்பட்டுவிட்டன. பச்சை யானை இன்னும் ஓடுகிறது என்றால் அதற்குக் காரணம் அதை ஓட்டுபவர்களே.

ராணிப்பேட்டைத் தொடர்பு

சுண்டாப் என்ற பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1955 முதல் சென்னையில் புல்லட் வண்டிகளைத் தயாரித்து வந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனம், 1980களில் ராணிப்பேட்டையில் சிறு வண்டிகளுக்கென ஒரு தொழிற்சாலை அமைத்தது. அங்கே உருவான சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், ஃப்யூரி 175 ஆகியவை சுண்டாப் வடிவமைப்பைத் தழுவியவை. ஃப்யூரி வண்டியில் ஐந்து கியரும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. அக்கால இந்தியச் சாலைகளில் அது அரிய வசதி. ஜப்பானியக் கூட்டுடன் வந்த 100 சி.சி. வண்டிகளின் போட்டியில் இவை நிலைக்கவில்லை. ஆனால் பழைய வடஆர்க்காடு மாவட்டத்தில் வேலை பார்த்த எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு, பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்ற சில்வர் பிளஸ் நன்றாக நினைவிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஜெர்மனியில் 30 ஆண்டுக்கு மேற்பட்ட, மூல வடிவம் காக்கப்பட்ட வாகனங்களுக்கு 1997 முதல் ‘ஹெச்’ என்ற எழுத்துடன் தனிப் பதிவெண் வழங்கப்படுகிறது. அத்தகைய வண்டியை அன்றாடமும் ஓட்டலாம். இந்தியாவில் 2021இல் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்கான விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெருமாற்றம் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட பதிவெண்ணைப் பெறலாம். அப்படிப் பதிவுபெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்தக் கூடாது. காட்சிக்கும், ஆய்வுக்கும், பழங்கால வாகன ராலிக்கும், எரிபொருள் நிரப்பவும், பழுதுபார்க்கவும் சாலையில் எடுத்துச் செல்லலாம். அதாவது நம் சட்டமும் கூடுகைக்கு ஓட்டிச் செல்வதை ஒரு நியாயமான காரணமாக ஏற்றுக்கொள்கிறது. 1970களின் தொடக்கத்தில் பதிவான புல்லட்டுகள் இந்த வயதைக் கடந்துவிட்டன. 1980களின் ராணிப்பேட்டை வண்டிகள் அதை எட்ட இன்னும் சில ஆண்டுகள் உள்ளன. அதற்குள் எத்தனை வண்டிகள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகாமல் மிஞ்சும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

மாணவர்கள் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் ஊரில் 60, 70 வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் எந்தெந்த வண்டிகளைப் பிரித்துக் கோத்தார், உதிரிபாகம் கிடைக்காதபோது எதைக் கொண்டு சமாளித்தார், யாரிடம் வேலை பழகினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். வீட்டில் பழைய ஆர்.சி. புத்தகமோ வண்டியுடன் எடுத்த புகைப்படமோ இருந்தால் அதில் ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். தொழில் வரலாற்றுக்கு இவையும் ஆவணங்களே.