பொட்டாஷ்: சாம்பல் சத்தின் அரசியல் வரலாறு

பயிருக்குச் சாம்பல் சத்தைக் கொடுக்கும் பொட்டாசிய உப்புகளுக்குப் பொதுப்பெயர் பொட்டாஷ். உரக்கடையில் வெள்ளையாகவோ செங்கல் நிறத்திலோ கிடைக்கும் ‘மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்’ (எம்.ஓ.பி.) வேதியியலில் பொட்டாசியம் குளோரைடு. தண்டுக்கு உறுதி, நெல்மணிக்கு எடை, வாழைக்குலைக்குப் பருமன், வறட்சியைத் தாங்கும் வலு எல்லாம் இந்தச் சத்தால் வருகின்றன. தழைச்சத்தைக் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து ஆலையில் தயாரித்துவிடலாம். சாம்பல் சத்துக்கு அந்த வழி இல்லை. பழங்காலக் கடல்கள் வற்றி உப்புப் படுகையான இடங்களில்தான் பெருமளவில் தோண்டி எடுக்க முடியும். அத்தகைய பெரிய படுகைகள் ஒரு சில நாடுகளுக்குள் அடங்கிவிட்டன. பொட்டாஷின் வரலாறு முழுக்க அரசியலாகவே இருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழில் ‘சாம்பல் சத்து’, ஆங்கிலத்தில் ‘பொட்டாஷ்’; இரண்டு பெயரிலும் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. மரச்சாம்பலை நீரில் கரைத்து வடித்து, அந்த நீரைச் சட்டியில் காய்ச்சி வற்றவைத்தால் மிஞ்சும் உப்பே பழைய பொட்டாஷ். சோப்புக்கும் கண்ணாடிக்கும் அது தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1790 ஜூலை 31 அன்று வழங்கப்பட்ட முதல் காப்புரிமையே பொட்டாஷ் தயாரிக்கும் முறைக்குத்தான். 1840இல் ஜெர்மன் வேதியியலர் யுஸ்டஸ் ஃபான் லீபிக், மண்ணின் தாது உப்புகளே பயிருக்கு உணவு என்று எழுதிய பிறகு அதன் இடம் வயலுக்கு மாறியது.

ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் நகரில் 1850களில் சமையல் உப்புக்காகச் சுரங்கம் வெட்டினார்கள். மேலடுக்கில் வந்த கசப்பு உப்பு வீண் என்று ஒதுக்கப்பட்டது. அதில் பொட்டாசியம் இருப்பது தெரிந்ததும், 1861இல் அங்கே வேதியியலர் அடோல்ஃப் ஃபிராங்க் ஆலை தொடங்கினார். அடுத்த அரை நூற்றாண்டுக்கு உலகத்தின் பொட்டாஷ் ஏறக்குறைய முழுவதும் ஜெர்மன் மண்ணிலிருந்தே போனது. சுரங்க முதலாளிகள் கூட்டணி அமைத்து விலையை நிர்ணயித்தார்கள்.

முதல் உலகப் போர் வந்தது. 1915இல் ஜெர்மனி ஏற்றுமதியை நிறுத்தியது. அமெரிக்காவில் டன் விலை பத்து மடங்குக்கு மேல் ஏறியது. பருத்திக்கும் உருளைக்கிழங்குக்கும் பொட்டாஷ் தேடி அலைந்த அந்த நாடு, கலிஃபோர்னியக் கடற்கரையில் கடற்பாசியை அறுத்து எரித்தது. நெப்ராஸ்காவின் உவர் ஏரிகளின் நீரைக் காய்ச்சியது. அந்த ஏரிகளை நம்பி அன்டியாக் என்ற ஊர் ஒன்று எழும்பியது. போர் முடிந்து ஜெர்மன் சரக்கு திரும்பி வந்தவுடன் ஆலைகள் மூடப்பட்டு, ஊரும் காலியானது. அதன் ஆலைச் சுவர்களின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன. போர்க்காலத் தட்டுப்பாட்டை நம்பி முதல் போட்டவர்களுக்கு அமைதிக்காலம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இத்துறையில் இல்லை.

1919இல் ஜெர்மனியிடமிருந்த அல்சாஸ் சுரங்கங்கள் பிரான்சின் கைக்குப் போயின. சில ஆண்டுகளில் அந்த இரு பகை நாடுகளின் பொட்டாஷ் நிறுவனங்களும் சந்தையைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அமெரிக்கா 1925இல் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் அருகே, எண்ணெய்க்காகத் துளையிட்டபோது, தனக்கென ஒரு படுகையைக் கண்டது. கனடாவின் சஸ்காச்சுவானிலும் எண்ணெய் தேடும்போதுதான் பொட்டாஷ் அகப்பட்டது. இன்று உலகின் மிகப் பெரிய உற்பத்தி அங்கேதான். சுரங்கங்களைக் கையகப்படுத்த 1975இல் அந்த மாகாண அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 1989இல் அந்நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றது. 2010இல் பி.எச்.பி. என்ற வெளிநாட்டுச் சுரங்க நிறுவனம் அதை விலைக்குக் கேட்டபோது கனடா அரசே குறுக்கே நின்று தடுத்தது.

கனடா, ரஷ்யா, பெலாரஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து உலக உற்பத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தருகின்றன. ரஷ்யாவும் பெலாரசும் ஒரே கூட்டு நிறுவனம் வழியாக விற்றுவந்தன. 2013 ஜூலையில் ரஷ்யாவின் உரால்காலி நிறுவனம் அதிலிருந்து விலகியது. அடுத்த மாதமே அதன் தலைமை நிர்வாகி மின்ஸ்க் நகரில் கைதுசெய்யப்பட்டார். விலை சரிந்தது. 2021இல் பெலாரஸ் ஆட்சியின் அடக்குமுறைக்காக அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் பொட்டாஷ் மீது தடைகள் விதித்தன. கடற்கரை இல்லாத நாடு அது. சரக்கு லிதுவேனியாவின் கிளைப்பேடா துறைமுகம் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் லிதுவேனியா ரயிலை நிறுத்தியது. அதே மாதம் 24ஆம் தேதி உக்ரைன் போர் மூண்டது.

இந்தியா தன் எம்.ஓ.பி. தேவை முழுவதையும் இறக்குமதி செய்கிறது. 2021 தொடக்கத்தில் டன்னுக்கு 247 டாலருக்கு ஒப்பந்தம் செய்த நாடு, மறு ஆண்டு 590 டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. 50 கிலோ மூட்டை 1,700 ரூபாய்க்கு ஏறியது. 2010இல் வந்த சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்தில் பொட்டாஷ் உண்டு, யூரியா இல்லை. யூரியா விலையை அரசே கட்டி வைத்திருக்கிறது. 45 கிலோ யூரியா 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கும்போது, கைமுதல் குறைந்த விவசாயி எதை விடுவார்? பொட்டாஷைத்தான். விட்ட அன்றைக்குப் பயிர் எதையும் காட்டிக்கொடுக்காது. யூரியா போட்ட வயல் பச்சைப் பசேலென்றே இருக்கும். பிறகுதான் அடி இலையின் ஓரம் காய்ந்து கருகும், நெல் சாயும், பதர் கூடும், வாழைத்தார் சிறுக்கும். இந்த இழப்பு எந்தத் தடைப் பட்டியலின் கணக்கிலும் ஏறுவதில்லை என்பது கொடுமை.

பிரேசிலும் பொட்டாஷில் 95 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. உக்ரைன் போருக்குச் சில நாள் முன்பு மாஸ்கோ சென்ற அப்போதைய அதிபர் பொல்சொனாரோ, ரஷ்யாவைக் கண்டிக்காததற்கு உரத் தேவையையும் காரணம் காட்டினார். அதே தேவையைச் சொல்லி, பழங்குடியினர் நிலங்களில் சுரங்கம் வெட்ட அனுமதிக்கும் சட்டத்தையும் வலியுறுத்தினார்.

2025 மார்ச்சில் கனடாப் பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்த அமெரிக்கா, சில நாளிலேயே பொட்டாஷுக்கு அதை 10 ஆகக் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பெலாரஸ் பொட்டாஷ் மீதான தன் தடையை நீக்கவும் ஒப்புக்கொண்டது. அதையொட்டி பெலாரசில் 123 கைதிகள் விடுதலையானார்கள். 2022இன் அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அலேஸ் பியாலியாட்ஸ்கி அவர்களில் ஒருவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை அப்போதும் நீடித்ததால், கிளைப்பேடாவுக்குச் செல்லும் ரயில் பாதை பெலாரஸ் உரத்துக்குத் திறக்கவில்லை.