ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள்

ஐதராபாத் குளோரோஃபார்ம் ஆணையங்கள் என்பவை, குளோரோஃபார்ம் மயக்கத்தில் நோயாளிகள் இறப்பதன் காரணத்தை அறிய 1888, 1889 ஆம் ஆண்டுகளில் நிசாமின் ஆதரவில் ஐதராபாத்தில் அமைக்கப்பட்ட இரு ஆய்வுக் குழுக்கள் ஆகும். இவற்றை முன்னின்று நடத்தியவர், அங்கிருந்த மருத்துவப் பள்ளியில் மாணவர்களைப் பயிற்றுவித்த அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி.

குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது, மூச்சைக் கவனித்தால் போதும் என்பது லாரி தம் எடின்பரோ ஆசிரியர் ஜேம்ஸ் சைமிடம் கற்ற பாடம். நாய்களில் நடந்த முதல் ஆய்வு அதையே உறுதிசெய்தது. லான்செட் இதழ் ஐயம் எழுப்பியது. நிசாம் அளித்த 1,000 பவுண்டில் லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்து இரண்டாம் ஆய்வில் பங்கேற்றார். 400-க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சோதித்த பின்னும் முடிவு மாறவில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டுமே ஒரு முடிவை மெய்யாக்கிவிடாது. பெரும்பாலான விலங்குகள் மிகுதியான குளோரோஃபார்மால் இறந்தவை. அப்போது மூச்சுதான் முதலில் நிற்கும். நோயாளிகள் பலர் இறந்ததோ மயக்கம் ஆழமாகும் முன்பே. இலேசான மயக்கத்தில் இதயம் ஒழுங்கிழந்து துடித்துத் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதை 1911இல் குட்மன் லெவி பூனைகளில் காட்டினார். அதுவரை நாடியைப் பார்க்க வேண்டியதில்லை என்று கற்றவர்கள், அந்த ஆபத்தைக் கவனிக்காமலே மயக்கம் கொடுத்து வந்தனர்.

இன்று அறுவை மருத்துவ முதுநிலை மாணவர்கள் ஆய்விதழ் வாசிப்புக் கூட்டங்களில் இத்தகைய கேள்விகளையே கேட்கப் பழகுகின்றனர். ஆய்வாளர் விடையை முன்பே நம்பியிருந்தாரா? சோதித்த நிலையும் அறுவை அரங்கின் நிலையும் ஒன்றா? புகழ்பெற்றவர் ஒருவர் ஒப்புக்கொண்டதாலேயே முடிவு சரியாகிவிடுமா?