கருணையன் அழுதான்



லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் எலிசபெத்தைச் சந்திக்கிறோம். முதிர்ந்த வயதில் யோவானைப் பெற்றெடுத்த தாய் அவர். அதிகாரம் முடிவதற்குள் யோவான் வளர்ந்து பாலைநிலத்தில் வாழ்கிறார். தாய் என்ன ஆனார்? அவரை அடக்கம் செய்தது யார்? நற்செய்தியாளர் சொல்லவில்லை.

அந்த மௌனத்துக்குள் நுழைந்து பார்த்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1710-இல் இந்தியா வந்த இயேசு சபைத் துறவி. புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். ஒரு தச்சரைத் தமிழ்க் காப்பியத்தின் தலைவராக்கிய துணிவைப் பற்றியே தனியாகப் பேசலாம். இன்று வேறொன்றைச் சொல்ல வந்தேன்.

எபிரேயப் பெயர்களின் ஒலியோடு அவர் நின்றுவிடவில்லை, பொருளையும் தேடினார். யோசேப்பு என்றால் இறைவன் மேலும் சேர்த்துத் தருவார் என்று பொருள், ஆகவே 'வளன்'. யோவான் என்றால் ஆண்டவர் அருள்கூர்ந்தார், ஆகவே 'கருணையன்'. (நம் பாட்டிமார் அருளப்பர் என்று சொன்னதும் இதே பொருளில்தான்.)

எலிசபெத் ஏரோதுக்கு அஞ்சிக் குழந்தையோடு மலைக்கு ஓடினார் என்பது விவிலியத்தில் சேராத பழைய மரபு. காப்பியத்தில் தாயும் மகனும் காட்டில் வாழ்கிறார்கள். அங்கே தாய் இறந்துபோகிறார். கருணையன் பூக்களைப் பரப்பித் தாயின் உடலைக் கிடத்துகிறான், மண்ணில் அடக்குகிறான், மேலே மலரோடு கண்ணீரையும் சொரிகிறான். உணவு தேடத் தெரியாது, காட்டில் வழி தெரியாது, என்னைத் தனியே விட்டுப் போனாயே என்று புலம்புகிறான். பின்னாளில் மன்னனையே கண்டித்த இறைவாக்கினர் இவர்!

சாவு வீட்டில், "விசுவாசம் இருந்தா அழக்கூடாது" என்று நாமே சொல்லிவிடுகிறோம். இலாசரின் கல்லறைக்கு முன் ஆண்டவரே அழுதார் என்பது அந்த நேரத்தில் ஏனோ மறந்துபோகிறது.

சென்ற ஆண்டு ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். தாயை இழந்த மகன் பத்தாம் வகுப்பு மாணவன். "ஆம்பளப் பிள்ளை, அழாதே" என்று உறவினர்கள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அவனும் கல்போல நின்றான். அரசுப் பாடநூலில் இந்தப் பகுதி இருப்பது நினைவுக்கு வந்தது. அருகில் உட்கார்ந்து, "கருணையன் பாட்டுப் படிச்சியாப்பா?" என்றேன்.

"படிச்சேன் ஃபாதர்" என்றான். பிறகுதான் அழுதான்.